பானட்டின் இரண்டாவது கொக்கி

நேயர்களுக்கு வணக்கம். புதுச்சேரி முதலியார்பேட்டைப் பக்கம் கார் பட்டறை வைத்திருப்பவன் நான். வண்டி வைத்திருப்பவர்களுக்கு உதவுகிற மாதிரி ஏதாவது பேசுங்கள் என்றார்கள். இருப்பதிலேயே சின்ன விஷயத்தை எடுத்துக்கொண்டேன்: காரின் பானட்டைத் திறப்பது.

சிரிக்காதீர்கள். வருஷக்கணக்காக ஒரே காரை ஓட்டுகிறவர்கூட, ஈ.சி.ஆர். ஓரம் வண்டி நின்றுவிட்டால் போன் போடுகிறார். "அண்ணே, லீவரை இழுத்துட்டேன், டப்புன்னு சத்தமும் வந்துச்சு. பானட் விரல் நுழையற அளவுக்கு மேல எழும்ப மாட்டேங்குதே!" பூட்டு கெட்டுப்போகவில்லை. அது தன் வேலையைத்தான் பார்க்கிறது.

முதலில் லீவர். நம் ஊர்க் கார்களில் பெரும்பாலும் டிரைவரின் வலது முழங்காலுக்குக் கீழே, டேஷ்போர்டின் அடியில், கதவை ஒட்டி இருக்கும். அதில் பானட் தூக்கிய கார் படம் போட்டிருப்பார்கள். பெட்ரோல் பங்க் படம் போட்ட லீவர் டேங்க் மூடிக்கு. அதை இழுத்துவிட்டு முன்னால் போய் நிற்பவர்களும் உண்டு. இடது ஸ்டியரிங்குக்காக வடிவமைத்துப் பிறகு மாற்றிய சில வெளிநாட்டுக் கார்களில் லீவர் இடப்பக்க சீட்டுக்காரரின் காலடியில் இருக்கும். மாருதி ஆம்னி வேன்காரர்களுக்கு இந்தக் கவலையே இல்லை. என்ஜினே முன் சீட்டுக்கு அடியில்தானே.

லீவரை இழுத்தால் ஒரு கம்பிக் கேபிள் இழுபட்டு முதல் பூட்டு விடும். ஸ்பிரிங் பானட்டைச் சற்றே மேலே தள்ளும். அங்கேதான் இரண்டாவது கொக்கி பிடித்துக்கொள்கிறது. காரணம் இருக்கிறது. பானட்டின் கீல் கண்ணாடிப் பக்கம். வேகமாகப் போகும்போது முதல் பூட்டு விட்டுவிட்டால் எதிர்க்காற்று பானட்டைத் தூக்கிக் கண்ணாடியில் அறையும், சாலையே தெரியாது. அமெரிக்காவில் இதற்கென்றே விதி இருக்கிறது: முன்பக்கமாகத் திறந்து ஓட்டுநரின் பார்வையை மறைக்கக்கூடிய பானட்டுக்கு இரண்டாவது பிடி கட்டாயம். காற்றும் குலுக்கலும் தள்ளிவிட முடியாதபடி அதை உள்ளடக்கி வைத்திருக்கிறார்கள். அதனால்தான் நம் கண்ணுக்கும் சட்டென்று படுவதில்லை.

அது இருப்பது பானட்டின் முன் விளிம்பில், கம்பெனி முத்திரைக்கு நேர் மேலே, அல்லது ஒரு சாண் தள்ளி. உள்ளங்கை வானத்தைப் பார்க்க, இரண்டு விரலை இடுக்கில் நுழைத்துத் தடவிக்கொண்டே போங்கள். தட்டையான நாக்கு ஒன்று தட்டுப்படும். சில கார்களில் அதை மேலே தூக்க வேண்டும், சிலவற்றில் பக்கவாட்டில் தள்ள வேண்டும். பலரும் இடறுவது எங்கே தெரியுமா? ஒரு கையால் பானட்டை மேலே இழுத்துப் பிடித்துக்கொண்டே மறு கையால் நாக்கைத் தள்ளுகிறார்கள். இழுக்க இழுக்கக் கொக்கி இறுகத்தானே செய்யும்? பானட்டைக் கொஞ்சம் கீழே அமுக்கிக்கொடுங்கள், நாக்கு லேசாக நகரும். அப்புறம் தூக்குங்கள்.

கடலூர், புதுச்சேரிக்காரர்களுக்கு இன்னொரு தொல்லை உப்புக்காற்று. தேவனாம்பட்டினம் மாதிரிக் கடலோரத்தில் வெளியில் நிற்கும் வண்டிகளில் பூட்டு துருவேறி, லீவரை இழுத்தாலும் முதல் பூட்டே விடாது. ஸ்க்ரூடிரைவர் விட்டு நெம்பினால் பெயின்ட் போகும், தகடு வளையும். துணைக்கு ஒருவரை வைத்துக்கொள்ளுங்கள். அவர் லீவரை இழுத்துப் பிடிக்க, நீங்கள் பூட்டுக்கு மேலே உள்ளங்கையால் அமுக்கி அமுக்கி விடுங்கள். பாரம் குறைந்ததும் பெரும்பாலும் விட்டுவிடும். திறந்த கையோடு பழைய அழுக்கைத் துடைத்துக் கொக்கியிலும் ஸ்பிரிங்கிலும் கிரீஸ் தடவுங்கள். லீவர் தொளதொளவென்று கையோடு வந்தால் கேபிள் அறுந்திருக்கும், அது பட்டறை வேலை.

கடற்கரையில் வண்டியின் பின்புறம் காற்றைப் பார்க்க நிறுத்தித் திறங்கள். முன்னாலிருந்து காற்றடித்தால் தாங்குகம்பியிலிருந்து பானட் கழன்று பின்னால் புரளும். என்ஜின் நின்ற பிறகும் ரேடியேட்டர் ஃபேன் தானாகச் சுற்றலாம். துப்பட்டா, செயின், முந்தானை பத்திரம். சூடாக இருக்கும்போது ரேடியேட்டர் மூடியில் கை வைக்கவே வேண்டாம்.

2024 நவம்பர் 30ஆம் தேதி ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரையைக் கடந்தபோது ஏறத்தாழ 48 சென்டிமீட்டர் மழை ஒரே நாளில் கொட்டியது நினைவிருக்கும். தெருவில் நின்ற கார்களுக்குள் தண்ணீர் புகுந்தது. அந்த மாதிரி நேரத்தில் பம்பருக்கு மேல் தண்ணீர் ஏறியிருந்தால் சாவியைத் திருகாதீர்கள். தண்ணீர் வடிந்த பிறகு பானட்டைத் திறந்து, பேட்டரியின் மைனஸ் முனையைக் கழற்றுங்கள். ஏர் ஃபில்டர் நனைந்திருக்கிறதா, எண்ணெய் அளவு பார்க்கும் டிப்ஸ்டிக் கம்பியில் எண்ணெய் பால் மாதிரி வெளுத்திருக்கிறதா என்று பாருங்கள். இரண்டில் ஒன்று ஆமென்றால் கட்டி இழுத்துத்தான் கொண்டுவர வேண்டும். சிலிண்டருக்குள் போன தண்ணீரை அமுக்க முடியாது. ஸ்டார்ட் செய்தால் பிஸ்டனைப் பிடித்திருக்கும் கனெக்டிங் ராடு வளைந்துவிடும். மின்சாரக் கார் என்றால் ஆரஞ்சு நிறக் கேபிள் எதையும் தொடாதீர்கள்.

மூடும்போது தாங்குகம்பியை முதலில் அதன் கிளிப்பில் மாட்டுங்கள். பானட்டை இறக்கி, ஓர் அடி உயரத்திலிருந்து விட்டுவிடுங்கள். நடுவில் கை வைத்து அழுத்தினால் தகடு குழியும். பிறகு முன் விளிம்பைப் பிடித்துத் தூக்கிப் பாருங்கள். விரலளவு எழும்பினால் இரண்டாவது கொக்கி மட்டும்தான் பிடித்திருக்கிறது. அப்படியே ஓட்டிப் போய்விடாமல், திறந்து மறுபடி மூடுங்கள். வணக்கம்.