பெட்டி வந்த வழி

(வேலூரில் ஒரு கலைவிழா மேடையில் பேசியதன் எழுத்து வடிவம்)

அவைக்கு வணக்கம். மேடையில் இருக்கும் பெரியவர்களை ஒவ்வொருவராகப் பெயர் சொல்லி விளித்தால் எனக்குக் கொடுத்த நேரம் அதிலேயே தீர்ந்துவிடும். ஆகவே எல்லோருக்கும் சேர்த்து ஒரே கும்பிடு.

இந்த மேஜைமேல் இருக்கிற பெட்டியைப் பாருங்கள். செய்யாறு பக்கத்துக் கூத்து வாத்தியார் ஒருவருடைய ஆர்மோனியம். துருத்தி கிழிந்த இடத்தில் சிவப்புத் துணி ஒட்டியிருக்கிறது. மூன்று கட்டைகளில் வெள்ளைத் தகடு உதிர்ந்து மரம் தெரிகிறது. ஓரத்தில் இருக்கும் கறை வெற்றிலைச் சுண்ணாம்பு. ராத்திரி பத்து மணிக்குத் திறந்தால் விடிகிற வரை மூடாத பெட்டி இது. எனக்குக் கொடுத்த தலைப்பு 'சர்வதேசக் கலைப் பரிமாற்றம்'. தலைப்பு பெரிசாக இருக்கிறதே என்று யோசித்தேன், அப்புறம் இதைத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டேன்.

இது பிறந்தது பாரிஸில். அலெக்சாந்தர் தெபென் என்பவர் 1840களில் காப்புரிமை வாங்கினார். அப்போது இது காலால் மிதித்துக் காற்றடிக்கிற மேஜைப் பெட்டி. கப்பலேறி வந்தது. நாமோ தரையில் சம்மணம் போட்டு உட்காருகிறவர்கள். கல்கத்தாவில் துவாரகாநாத் கோஷ் அதன் காலை எடுத்துவிட்டுத் துருத்தியைப் பின்பக்கம் வைத்தார். ஒரு கை காற்றுக்கு, ஒரு கை வாசிப்புக்கு. நாடகக் கம்பெனிகள் அதைத் தெற்கே கொண்டு வந்தன. கூத்தாடிகள் பார்த்தார்கள், சத்தம் நாலு தெருவுக்குக் கேட்கிறது, பிடித்துக்கொண்டார்கள். 1940இல் அகில இந்திய வானொலி இந்தப் பெட்டியை உள்ளே வராதே என்றது. இதில் கமகம், அதாவது சுரத்தை அசைத்து வளைக்கிற நயம், பிடிக்காது என்பது புகார். புகார் பொய்யுமில்லை. தடை தளர 1971 ஆயிற்று. அந்த முப்பது வருஷமும் நம் கூத்துக்களரியில், கூத்து ஆடுகிற இடத்தில், ஒரு ராத்திரிகூட இது ஓயவில்லை. இன்றைக்கு ஐந்து கட்டை, ஐந்தரைக் கட்டை என்று சுருதி சொல்கிறோமே, அந்தக் கட்டையே இந்தப் பெட்டியின் கட்டைதான்.

எந்த அரசாங்கமும் ஒப்பந்தம் போட்டு இதை இங்கே அனுப்பவில்லை. பரிமாற்றம் என்றால் என் கணக்கில் இதுதான்: வந்தது தங்க வேண்டும், தங்கி இங்கத்திய சுண்ணாம்புக் கறை படிய வேண்டும்.

பழைய வட ஆற்காடு இதற்குப் புதிசில்லை. வாலாஜாபேட்டை வேங்கடரமண பாகவதரை எடுத்துக்கொள்ளுங்கள். 1781இல் பிறந்தவர், வீட்டில் சௌராஷ்டிர மொழி. தியாகராஜரிடம் பல வருஷம் கிடந்து கற்று, பிறகு வாலாஜாபேட்டையில் வந்து குடியேறினார். அந்தப் பரம்பரை எழுதி வைத்த சுவடிகள் இல்லையென்றால் தியாகராஜர் கீர்த்தனைகளில் எத்தனை நம் கைக்கு வந்திருக்குமோ! காவிரிக் கரையில் தெலுங்கில் பிறந்த பாட்டு, பாலாற்றங்கரையில் நெசவாளர் தெருவில் பத்திரமாக இருந்தது. பாலாற்றில் தண்ணீர் இருந்ததா என்று கேட்காதீர்கள்.

இனி என் வயிற்றெரிச்சல் ஒன்று. சில வருஷங்களுக்கு முன் ஒரு பெருநகரத்தில் உலகக் கலைவிழா. நம் பக்கத்துக் குழு ஒன்றோடு துணைக்குப் போயிருந்தேன். கர்ணன் சாகிற கூத்தான கர்ண மோட்சம் என்று பேச்சு. பிற்பகல் இரண்டு மணிக்கே கர்ண வேஷக்காரர் முகம் எழுத உட்கார்ந்துவிட்டார். அரிதாரம் பூசி, கல்யாண முருங்கைக் கட்டையில் செதுக்கிக் கண்ணாடி பதித்த கிரீடம், புஜக்கட்டை, மார்ப்பதக்கம் எல்லாம் கட்டி முடிக்க ஐந்து மணி. ஆறு மணிக்கு ஒரு பையன் கையில் அட்டையோடு வந்து, "சார், உங்களுக்குப் பன்னிரண்டு நிமிஷம்" என்றான். பன்னிரண்டு நிமிஷத்தில் கர்ணன் திரையை விட்டே வெளியே வரமாட்டான் ஐயா! திரைக்குப் பின்னால் நின்று பாடி, குல்லா மட்டும் தெரிய, கால் சலங்கை மட்டும் கேட்க, கூத்தின் கோமாளியான கட்டியக்காரன் நீ யாரய்யா என்று வம்புக்கு இழுக்க, அதுவே அரை மணி நேரம். கடைசியில் திரையும் இல்லை, கட்டியக்காரனும் இல்லை. கர்ண வேஷக்காரர் நாலு கிறுக்கி, அதாவது நாலு சுழற்சி, சுற்றிவிட்டு இறங்கி வந்தார். அடுத்து ஏறினது வேறொரு நாட்டு மேளக்காரர்கள். அவர்களுக்கும் அதே பன்னிரண்டு. அழைப்பிதழில் கலைப் பரிமாற்றம் என்று அச்சடித்திருந்தார்கள். அன்றைக்குப் பரிமாறினது சால்வைதான்.

வேறு மாதிரியும் நடந்திருக்கிறது. புரிசை என்றால் உங்களில் பலருக்குத் தெரியும். செய்யாறு வட்டம், கண்ணப்பத் தம்பிரானின் கூத்து வம்சம். பாரிஸ் ஓரத்தில் வான்சென் என்ற இடத்தில் பழைய தோட்டாத் தொழிற்சாலை ஒன்றில் நாடகம் போடுகிற குழு 'தியேத்ர் து சொலேய்'. 1964இல் தொடங்கியது, அரியான் முனூஷ்கின் என்ற அம்மையார் நடத்துகிறார். அவர்கள் 2016 தொடக்கத்தில் புதுச்சேரிக்கு வந்து தங்கினார்கள். புரிசை கண்ணப்ப சம்பந்தத் தம்பிரானிடம் கூத்துப் பாடம் கேட்டார்கள். வாத்தியார் பாரிஸுக்கும் போய்ச் சொல்லிக்கொடுத்தார். அந்த வருஷக் கடைசியில் அரங்கேறிய நாடகத்துக்குள் துகிலுரிதலும் கர்ணன் சாவும் கூத்தாகவே வந்தன. பல தேசத்து நடிகர்கள், தமிழ் தெரியாதவர்கள், தமிழிலேயே பாடினார்கள். 2017இல் நியூயார்க் வரை போயிற்று. பெட்டி பிறந்த ஊரில் கூத்து களரி கட்டியது.

1985இல் ஆங்கிலேய நாடக இயக்குநர் பீட்டர் புரூக் பிரான்சில் ஒன்பது மணி நேர மகாபாரதம் போட்டார். பெரிய சாதனை, மறுக்கவில்லை. ஆனால் கதையை எடுத்துப் போய்த் தன் பாணியில் சொன்னார் என்று நம் நாட்டு விமர்சகர்கள் சண்டைக்கு நின்றார்கள். அந்தச் சண்டையில் இரண்டு பக்கமும் நியாயம் உண்டு. எனக்குப் படுவது சின்ன விஷயம்: கதையைக் கொண்டுபோகலாம், வாத்தியாரையும் அழைத்துக்கொண்டு போகலாம். இரண்டாவதில்தான் வாத்தியார் வீட்டில் உலை கொதிக்கிறது, அடுத்த தலைமுறைப் பையன் சலங்கையைத் தொடுகிறான்.

டெல்லியில் 1950 முதல் இந்தியக் கலாசார உறவுக் கழகம் இருக்கிறது. தஞ்சாவூரில் தென்னகப் பண்பாட்டு மையம் இருக்கிறது. சென்னை 2017இல் யுனெஸ்கோவின் படைப்பாக்க நகரங்களில் இசைக்காகச் சேர்ந்தது. எல்லாம் சந்தோஷம். ஆனால் வேலூர்க்காரன் வெளிதேசத்துக்காரனைச் சந்திக்க டெல்லியைச் சுற்றித்தான் போக வேண்டுமா?

காந்தி ரோட்டில் நடந்து பாருங்கள். லாட்ஜ், சாப்பாட்டுக் கடை, மருந்துக்கடை, எல்லாவற்றிலும் வங்காள எழுத்தில் போர்டு. சிஎம்சி மருத்துவமனைக்கு மேற்கு வங்கத்திலிருந்து வருகிறார்கள், வங்கதேசத்திலிருந்தும் வருகிறார்கள். நோயாளியோடு துணைக்கு வருகிறவர் மாதக் கணக்கில் இங்கே கிடக்கிறார். போன வருஷம் இந்தப் பெட்டியை ரீடு பார்க்கக் கொடுத்திருந்தேன். கடை வாசலில் ஒருவர் ரொம்ப நேரமாக நின்றுகொண்டிருந்தார். கையில் ஸ்கேன் கவர். வங்கதேசம் என்றார், அம்மாவுக்கு ஆபரேஷன் முடிந்து பத்தாவது நாளாம். தொடலாமா என்று சைகை. தொட்டார். கண்ணை மூடிக்கொண்டு ஒரு பாவுல் பாட்டு, வங்காளத்து நாடோடிப் பாடகர்களின் பாட்டு, மெதுவாக, பக்கத்துக் கடைக்குக்கூடக் கேட்காமல். பாடி முடித்ததும் துருத்தியின் சிவப்புத் துணியைத் தடவிப் பார்த்துச் சிரித்தார். கூத்து வாத்தியாரும் அன்று அங்கே இருந்தார். அவர் பங்குக்கு ஒரு திரை விருத்தம், கூத்தில் திரைக்குப் பின்னால் நின்று பாடுகிற விருத்தம், எடுத்தார். இரண்டு பேருக்கும் பொதுவாக ஒரு வார்த்தை கிடையாது. டீ ஆறிப்போயிற்று. சால்வை கிடையாது.

ஆகவே நான் கேட்பது மாளிகை இல்லை. இந்த ஊரில் ஒரு வீடு: இரண்டு அறை, ஒரு சமையல்கட்டு, ஒரு திண்ணை. வெளியூர், வெளிநாட்டுக் கலைஞர் ஒருவர் ஆறு வாரம் தங்கட்டும். பங்குனியிலிருந்து ஆடி வரைக்கும் நம் பக்கத்தில் பாரதக் கூத்து. பகலில் பாரதப் பிரசங்கம் கேட்கட்டும், ராத்திரி களரியில் உட்காரட்டும், பதினெட்டாம் போர் முடிந்து, போர்க்களமாக வைத்த படுகளத்தில் மண்ணால் செய்த துரியோதனன் சாய்கிற காலை வரை இருக்கட்டும். பதிலுக்கு நம் ஆள் ஒருவர் அவர் ஊரில் ஆறு வாரம். இருவர் போதும், இருபது பேர் கொண்ட தூதுக்குழு வேண்டாம். வாடகைக் கணக்கைப் பார்த்துவிட்டேன். அழைப்பிதழுக்கும் பிளக்ஸுக்கும் ஆகிற செலவைவிட அதிகமாகத் தெரியவில்லை. நிர்வாகிகள் இங்கேயே முன்வரிசையில் இருக்கிறார்கள், கீழே பார்க்காமல் கேட்டுக்கொண்டிருக்கிறார்கள், நன்றி.

மணி ஏழு நாற்பது. வாத்தியார் அங்கே ஓரத்தில் நிற்கிறார், பெட்டிக்காக. அவருக்கு நிமிஷக் கணக்கு வைக்க வேண்டாம் என்று ஏற்பாட்டாளர்களிடம் சொல்லியிருக்கிறேன். வாருங்கள் வாத்தியாரே, உட்காருங்கள்.