தூது வந்த குளூட்டமேட் மரபணுவை எப்படி எழுப்புகிறது?

[திரையில்: நெருக்கமாக இரண்டு நியூரான்கள், அதாவது நரம்புச் செல்கள். நடுவே மெல்லிய இடைவெளி.]

வணக்கம். இந்த இடைவெளியின் அகலம் ஒரு மில்லிமீட்டரில் ஏறக்குறைய 50,000-இல் ஒரு பங்குதான். ஒரு நியூரான் வெளியிடும் வேதித் தூதர்கள் இதைக் கடந்துபோய் அடுத்த நியூரானைத் தொடுகின்றன. சேதி சேர்ந்தது, வேலை முடிந்தது என்றுதான் நம்மில் பலர் படித்திருப்போம். ஆனால் அந்தத் தூதர்கள் இன்னொன்றையும் தீர்மானிக்கிறார்கள். நரம்பு வளரவும் பிழைத்திருக்கவும் தேவையான புரதங்களை அந்த நியூரான் எவ்வளவு தயாரிக்க வேண்டும் என்பதும் அவர்கள் கையில் இருக்கிறது.

[திரையில்: கோழிக் கரு, அதிலிருந்து கிளைவிடும் நரம்பிழைகள்.]

முதலில் அந்தப் புரதங்களைப் பார்த்துவிடுவோம். இத்தாலியில் யூதர்களுக்கு எதிரான சட்டத்தால் பல்கலைக்கழக வேலையை இழந்த ரீட்டா லெவி-மொந்தால்சினி, டூரின் நகரில் தன் படுக்கையறையையே ஆய்வகமாக்கி, கோழிக் கருவின் நரம்புகளை ஆராய்ந்தார். போருக்குப் பின் அமெரிக்கா சென்று, 1950-களில் நரம்பு வளர்ச்சிக் காரணி என்ற என்ஜிஎஃப்-ஐ அடையாளம் கண்டார். அதற்காக அவருக்கும் ஸ்டான்லி கோஹனுக்கும் 1986-இல் நோபல் பரிசு கிடைத்தது. இதன் நெருங்கிய உறவான இன்னொரு வளர்ச்சிப் புரதம் பிடிஎன்எஃப், 1982-இல் பன்றி மூளையிலிருந்து பிரித்தெடுக்கப்பட்டது.

[திரையில்: நியூரானின் சவ்வு, பெரிதாக்கப்பட்டு. ஒரு வாசல், அதை அடைத்தபடி ஒரு மெக்னீசிய அயனி.]

சரி, உற்பத்தியைத் தொடங்கிவைப்பது யார்? பெரும்பாலும் அந்த வேதித் தூதர்களில் ஒன்றான குளூட்டமேட். இந்த வாசலைக் கவனியுங்கள், இதன் பெயர் என்எம்டிஏ ஏற்பி. குளூட்டமேட் வந்து ஒட்டினால் மட்டும் போதாது. உள்ளே ஒரு மெக்னீசிய அயனி தக்கைபோல அடைத்துக்கொண்டிருக்கிறது. அந்த நியூரான் ஏற்கெனவே நன்றாகத் தூண்டப்பட்டிருந்தால்தான் தக்கை விலகும். விலகியதும் கால்சியம் உள்ளே பாயும். கால்சியம் சில நொதிகளை முடுக்கிவிட, உட்கருவில் கிரெப் என்ற புரதத்தின்மேல் ஒரு பாஸ்பேட் வந்து ஒட்டும். கிரெப் டிஎன்ஏ-வின் பக்கத்திலேயே காத்திருப்பது. பாஸ்பேட் ஒட்டியதும் பிடிஎன்எஃப் மரபணு படிக்கப்படத் தொடங்கும்.

சும்மா இருக்கும் நியூரானைவிட உழைக்கும் நியூரானுக்கு அதிக பிடிஎன்எஃப் கிடைப்பது இதனால்தான். எத்தனை முறை படித்தாலும் எனக்கு வியப்பு அடங்காத ஏற்பாடு இது. அதோடு நிற்கவில்லை. வெளியே வரும் பிடிஎன்எஃப், சினாப்ஸ் எனப்படும் அந்த நியூரான் சந்திப்பில் இன்னும் அதிக குளூட்டமேட் வெளியாக வழி செய்கிறது.

அப்படியானால் இது எங்கே போய் நிற்கும்?

[திரையில்: அதே நியூரான். வேறு நிறத்தில் காபா மூலக்கூறுகள்.]

கடிவாளம் காபா என்ற இன்னொரு தூதரிடம் இருக்கிறது. குளூட்டமேட் நியூரானை உசுப்பினால், காபா அடக்கும். நினைவுக்கு முக்கியமான மூளைப் பகுதி ஹிப்போகாம்பஸ். எலியின் ஹிப்போகாம்பஸ் நியூரான்களில் 1990-ஐ ஒட்டி நடந்த சோதனைகளில் இது தெளிவாகத் தெரிந்தது. குளூட்டமேட்டின் வேலையைச் செய்யும் வேதிப்பொருளைக் கொடுத்தபோது பிடிஎன்எஃப், என்ஜிஎஃப் இரண்டுக்குமான ஆர்என்ஏ, அதாவது மரபணுவைப் படித்து எடுக்கும் நகல், கூடியது. காபாவின் ஏற்பிகளைத் தூண்டியபோது குறைந்தது. ஆனால் இளம் நியூரான்களில் கதை தலைகீழ். அவற்றுக்குள் குளோரைடு அதிகம் என்பதால் காபாவே அங்கே தூண்டும், பிடிஎன்எஃப்-ஐயும் கூட்டும். ஒரு தூதர் என்ன செய்வார் என்பதைக் கேட்கும் செல்லும் சேர்ந்தே முடிவு செய்கிறது.

நார்அட்ரினலின் என்ற தூதருக்கும் இந்த வேலையில் பங்கு உண்டு. ஆய்வகத்தில் வளர்த்த ஆஸ்ட்ரோசைட் என்ற துணைச் செல்களில் அது பீட்டா ஏற்பியைத் தொட்டு, என்ஜிஎஃப் உற்பத்தியைக் கூட்டுகிறது. செரோடோனின் என்ற தூதர் விஷயத்தில் நேரம்தான் முக்கியம். மனச்சோர்வு மருந்துகள் பல, சினாப்ஸில் செரோடோனினைச் சில மணி நேரத்திலேயே கூட்டிவிடும். ஆனால் மனநிலை மாறப் பல வாரங்கள் ஆகும். எலிகளுக்குத் தொடர்ந்து பல நாள் மருந்து கொடுத்தபோது ஹிப்போகாம்பஸில் பிடிஎன்எஃப் ஆர்என்ஏ கூடியிருந்ததை 1995-இல் கண்டார்கள். அந்தத் தாமதத்துக்கு இது ஒரு காரணமாக இருக்கலாம் என்ற கருத்து அங்கிருந்து வலுப்பட்டது. எலியில் கண்டதை அப்படியே மனித மூளைக்குப் பொருத்திவிடக் கூடாது.

[திரையில்: முன்மூளையின் அடியிலிருந்து ஹிப்போகாம்பஸுக்கு நீளும் ஓர் இழை.]

கடைசித் தூதர் அசிடைல்கோலின். அதை வெளியிடும் நியூரான்கள் ஹிப்போகாம்பஸைத் தூண்டும்போது அங்கே என்ஜிஎஃப் தயாராகிறது. அந்த என்ஜிஎஃப்-ஐ இழையின் நுனியே பிடித்துக்கொள்கிறது. அப்புறம் அது இழை வழியாகவே பின்னோக்கிப் பயணித்து, தூது அனுப்பிய செல்லின் உடலைச் சேர்ந்து, அதைத் தெம்பாக வைத்திருக்கிறது.

அல்சைமர் நோயில் சீக்கிரமே நலிவது இந்த நியூரான்கள்தான். வெளியிலிருந்து என்ஜிஎஃப் செலுத்தலாமே என்றால், அந்தப் பெரிய புரதம் ரத்தத்திலிருந்து மூளைக்குள் எளிதில் நுழையாது. அதனால்தான் என்ஜிஎஃப் மரபணுவையே மூளைக்குள் சேர்த்து, அங்கேயே தயாரிக்க வைக்கும் முயற்சியை 2001-இல் நோயாளிகளிடம் தொடங்கினார்கள்.