பூவனா, பிடையா?

வணக்கம் நேயர்களே. எங்கள் தோட்டம் கேரளத்தில், பாலக்காட்டுப் பக்கம் கொழிஞ்சாம்பாறைக்குக் கிழக்கே இருக்கிறது. வேலந்தாவளம் சோதனைச்சாவடியைத் தாண்டினால் தமிழ்நாடு. அதனால் எங்களுக்கு வீட்டில் தமிழில் சேவலும் பெட்டையும், கடைவீதியில் அதையே மலையாளத்தில் பூவனும் பிடையும். எந்தப் பாஷைக்காரர் கோழிக்குஞ்சு வாங்க வந்தாலும் கூடைக்குள் கையை விடுவதற்கு முன் கேட்பது இந்த ஒன்றைத்தான்: இதில் பெட்டை எத்தனை?

இந்தக் கேள்விக்கு வியாபாரி சொன்ன பதிலை நம்பி நான் ஏமாந்திருக்கிறேன். சந்தைக்குப் போன இடத்தில், மொபெட்டில் கூடை கட்டி வந்த ஒருவரிடம் இருபது வெள்ளைக் குஞ்சு வாங்கினேன். "எல்லாம் முட்டைக்கோழி ஜாதிங்க" என்றார். அவர் சொன்னது பொய்யில்லை, ஜாதி முட்டைக்கோழி ஜாதிதான். இரண்டு செத்துப் பதினெட்டு தேறியது. மூன்றாம் மாதம் ஒன்று கூவியது. மறுவாரம் நாலு. கடைசியில் பதினெட்டும் கூவின. எங்கள் அம்மா மட்டும், "இனி வீட்டுக்கு அலாரம் வாங்க வேண்டாம்" என்றார்.

நடந்தது இதுதான். முட்டைக்கோழிப் பொரிப்பகங்களில் குஞ்சு பொரித்த அன்றைக்கே சேவல் வேறு, பெட்டை வேறு என்று பிரித்துவிடுகிறார்கள். அந்த ஜாதிச் சேவல் முட்டையும் இடாது, கறியும் சீக்கிரம் பிடிக்காது. ஆகவே பெட்டை பண்ணைக்குப் போகும். சேவலில் ஒரு பங்கு சாயம் பூசியோ பூசாமலோ மலிவு விலைக்குத் தெருவுக்கு வரும். நாம் கூடையைக் குனிந்து பார்ப்பதற்கு முன்பே வேறொருவர் நன்றாகப் பார்த்துப் பொறுக்கிவிட்டார்.

அவர்கள் எப்படிப் பார்க்கிறார்கள்? ஒருநாள் குஞ்சின் ஆசனவாயை மெல்லப் பிதுக்கி, உள்ளே இருக்கும் கடுகளவு மேட்டைப் பார்ப்பது ஒரு வழி. 1920களில் ஜப்பானியர்கள் முறைப்படுத்திய வித்தை அது. நல்ல பயிற்சி வேண்டும். நாம் பிதுக்கினால் குஞ்சுதான் சாகும். இன்னொன்று இறக்கை பார்ப்பது. விரித்துப் பிடித்தால் பெட்டைக்கு ஒரு வரிசை நீளமும் ஒரு வரிசை குட்டையுமாக இருக்கும். சேவலுக்கு எல்லாம் ஒரே மட்டம். ஆனால் தாய் வழியும் தகப்பன் வழியும் அதற்கென்று தேர்ந்து சேர்த்த ஜாதியில் மட்டுமே இது பலிக்கும். செல்போன் வீடியோவைப் பார்த்துவிட்டு நம் நாட்டுக்கோழிக் குஞ்சின் இறக்கையை விரித்துப் பார்ப்பது வீண் வேலை. கூர் முட்டை சேவல், உருண்டை முட்டை பெட்டை என்பதும் அப்படித்தான். சேவலா பெட்டையா என்பது தாய்க்கோழியிடமிருந்து வரும் குரோமோசோமைப் பொறுத்தது. ஓட்டின் வடிவத்துக்கும் அதற்கும் சம்பந்தமில்லை.

சரி, நாட்டுக்கோழிக்கு என்ன வழி? பொறுப்பதுதான். ஐந்தாறு வாரத்தில் சேவல் குஞ்சின் கொண்டை கொஞ்சம் தடித்துச் சிவக்கும், கால் மொத்தமாகும். சண்டைக்கோழி வகையான பெருவிடை ஜாதியில் கொண்டை சிறிதாக அமுங்கி இருப்பதால் அதிலும் ஏமாறலாம். எனக்கு ஏமாற்றாத இடம் ஒன்று உண்டு. பத்துப் பன்னிரண்டு வாரமானதும் குஞ்சைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, முதுகு முடிந்து வால் தொடங்கும் இடத்தில் இறகை விரலால் ஒதுக்கிப் பாருங்கள். நுனி வேப்பிலை போல நீண்டு கூராக, பளபளப்பாக இறங்கினால் சேவல். நுனி உருண்டிருந்தால் பெட்டை. கழுத்து இறகிலும் இதே வித்தியாசம் தெரியும். ஆனால் மொட்டைக் கழுத்துக் கோழிக்குப் பார்க்கக் கழுத்து இறகு எங்கே இருக்கிறது?

அந்தப் பன்னிரண்டு வாரம் குஞ்சைக் காப்பாற்றுவதுதான் பாடு. எங்கள் பக்கத்தில் எதிரி பருந்து மட்டுமல்ல, காற்றும்தான். பாலக்காட்டுக் கணவாய் வழியாகக் கார்த்திகை, மார்கழியில் கிழக்கேயிருந்து அடிக்கும். ஆனி, ஆடியில் மேற்கேயிருந்து சாரலோடு வரும். அதனால் சாக்குப் படுதாவைக் காலத்துக்கேற்ப இடம் மாற்றிக் கட்டுகிறோம். தாயில்லாக் குஞ்சுக்கு முதல் வாரம் 35 டிகிரி சூடு வேண்டும், அப்புறம் வாரத்துக்கு மூன்று டிகிரி குறைக்கலாம். தெர்மாமீட்டர் இல்லாவிட்டால் குஞ்சையே பாருங்கள். பல்புக்கு அடியில் ஒன்றன்மேல் ஒன்று ஏறினால் குளிர். பல்பை விட்டு விலகி வாயைத் திறந்து இளைத்தால் சூடு. எல்லாம் ஒரே ஓரமாக ஒதுங்கினால் எதிர்ப்பக்கம் சாக்கு விலகியிருக்கிறது.

வெள்ளைக்கழிச்சலுக்கு ஏழாம் நாள் கண்ணில் ஒரு சொட்டு மருந்து, நாலாம் வாரம் இன்னொரு தடவை, எட்டாம் வாரம் ஊசி. இதில் சோம்பல் கூடாது. அந்த நோய் வந்தபின் வைத்தியம் கிடையாது. தீனிக்கு உடைத்த கம்பும் ராகியும் போதாது, புரதம் வேண்டும். பழைய பானைக்குள் கிழிந்த சாக்கு, காய்ந்த சாணி, ஓலைத் துண்டு போட்டுத் தண்ணீர் தெளித்து, ஈரமண்ணில் சாயங்காலம் கவிழ்த்து வையுங்கள். விடிந்ததும் தூக்கினால் கரையான். ஆறு மணிக்கு மேல் விட்டால் இறங்கிப் போய்விடும்.

தீபாவளிக்குச் சேவல் விற்க நினைப்பவர்கள் சித்திரைக் கடைசியில் அடை வைக்க வேண்டும். ஐப்பசிக்கு ஐந்து மாதம் ஆகியிருக்கும். அந்த வெயிலில் முட்டையைச் சும்மா வைத்தால் கூமுட்டையாகிவிடும். பானையில் ஆற்றுமணல் நிரப்பி, மணலை நனைத்து, மேலே துணி விரித்து முட்டையை அடுக்கி வையுங்கள். ஒரு வாரத்துக்கு மேல் வைக்க வேண்டாம்.