ஒற்றைச் சாட்சியும் தூக்குத் தண்டனையும்

நண்பர்களே,

கொலை வழக்கு மேல்முறையீட்டைப் பற்றிப் பேசுகிற எவரும் 1957-க்குப் போகாமல் இருக்க முடியாது. அந்த ஆண்டு ஏப்ரல் 12 அன்று உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொன்ன ‘வடிவேலு தேவர் எதிர் மதராஸ் அரசு’ வழக்கு, நம்முடைய முத்துப்பேட்டையிலிருந்து டெல்லி வரை போன வழக்கு. இன்றைக்கும் நாட்டில் எந்த நீதிமன்றத்தில் ஒற்றைச் சாட்சியைப் பற்றி வாதம் நடந்தாலும் இந்தத் தீர்ப்பை யாராவது ஒருவர் கையில் எடுத்துவிடுவார். ஆனால் அதற்குக் காரணமான பெண்ணைப் பற்றி அநேகமாக யாரும் பேசுவதில்லை. நான் அவரிடமிருந்தே தொடங்குகிறேன்.

1955 நவம்பர் மாதத்து இரவு ஒன்றில் டீக்கடைக்காரர் ஒருவர் கொல்லப்பட்டார். கண்ணால் கண்டதாகச் சொல்லி நீதிமன்றத்தில் நின்றவர் அவருடைய மனைவி. வழக்கே அவர் சொல்லை நம்பித்தான் நின்றது. செஷன்ஸ் நீதிமன்றம் அவரை நம்பி முதல் எதிரிக்கு, அதாவது முதலாவதாகக் குற்றம் சாட்டப்பட்டவருக்கு, தூக்குத் தண்டனை விதித்தது. உயர் நீதிமன்றம் அதை உறுதி செய்தது. உச்ச நீதிமன்றத்தில் எதிரிகள் தரப்பு வைத்த வாதம் இதுதான்: கொலைக் குற்றத்தில் ஒரே ஒரு சாட்சியை நம்பித் தண்டிக்கலாமா? அப்படியே தண்டித்தாலும், தூக்கு வரைக்கும் போகலாமா?

முதல் கேள்விக்கு நீதிபதி பி. பி. சின்ஹா எழுதிய பதில் மிகத் தெளிவானது. 1872-ஆம் ஆண்டு சாட்சியச் சட்டத்தின் 134-ஆம் பிரிவு, எந்தச் சங்கதியை நிரூபிக்கவும் இத்தனை சாட்சிகள் வேண்டும் என்று கேட்கவில்லை. (இப்போதைய பாரதிய சாக்ஷிய அதிநியத்தில் அது 139-ஆம் பிரிவு.) சாட்சிகளை எண்ணக் கூடாது, எடை போட வேண்டும் என்றார். முழுக்க நம்பத் தகுந்தவர், முழுக்க நம்பத் தகாதவர், இரண்டிலும் சேராதவர் என்று சாட்சிகளை மூன்றாகப் பிரித்தார். முதல் வகையில் ஒருவர் போதும். இரண்டாம் வகையில் எத்தனை பேர் வந்தாலும் பயனில்லை. சிக்கல் மூன்றாம் வகையில்தான். அங்கே முக்கியமான விவரங்களுக்கு வேறிடத்திலிருந்து ஆதரவு தேட வேண்டும்.

அவர் சொன்ன இன்னொரு காரணம் எனக்கு இதைவிடப் பெரிதாகப் படுகிறது. இத்தனை பேர் வேண்டும் என்று நீதிமன்றம் அடம் பிடித்தால், பொய்ச் சாட்சிகளை ஏற்பாடு செய்வதை அதுவே மறைமுகமாக ஊக்குவிப்பதாகிவிடும் என்றார். அனுபவத்தில் நாம் பார்ப்பதும் அதுதானே. உண்மையில் ஒருவர் பார்த்த சம்பவத்துக்குக் குற்றப்பத்திரிகையில் ஐந்து பேர் இருப்பார்கள். மற்ற நால்வரும் குறுக்கு விசாரணையில் உதிரும்போது, உண்மையாகவே பார்த்தவரையும் சேர்த்து இழுத்துக்கொண்டு போய்விடுவார்கள்.

மனைவியின் சாட்சியத்தை எப்படி நம்புவது என்று அடுத்த கேள்வி வரும். 1953-இல் தலீப் சிங் வழக்கில் நீதிபதி விவியன் போஸ் இதற்குப் பதில் சொல்லியிருக்கிறார். நெருங்கிய உறவினர் உண்மைக் குற்றவாளியைத் தப்பவிட்டு, சம்பந்தமில்லாத ஒருவரை மாட்டிவிடுவது சாதாரணமாக நடக்காது. சரி, ஆனால் அதே தீர்ப்பின் அடுத்த பாதியைப் பலர் படிப்பதில்லை. பகை முற்றிய இடத்தில், குற்றவாளியோடு சேர்த்து வேண்டாத ஒருவரையும் உள்ளே இழுத்துவிடும் வழக்கம் உண்டு என்றும் அவர் எச்சரித்தார். நாலு எதிரிகள் உள்ள வழக்கில் நாலாவது எதிரிக்காக ஆஜராகிறவர் இந்த வரியை மனப்பாடமாக வைத்திருக்க வேண்டும்.

இப்போது மேல்முறையீடு செய்கிறவரின் நிலைமைக்கு வருகிறேன். விசாரணை நீதிபதி சாட்சியை நேரில் பார்த்தவர். குரல் தடுமாறியதையும் அழுததையும் பார்த்தவர். உயர் நீதிமன்றத்தின் முன் இருப்பது டைப் செய்த காகிதக் கட்டு மட்டும்தான். அதில் முகம் கிடையாது. அதனால் காகிதம் என்ன சொல்கிறது என்பதை விடாப்பிடியாகப் படிக்க வேண்டும். எஃப்.ஐ.ஆர். எப்போது பதிவானது, மாஜிஸ்திரேட் கைக்கு எத்தனை மணிக்குப் போய்ச் சேர்ந்தது? இரண்டுக்கும் நடுவில் இருக்கிற நேரத்தில்தான் பெயர்கள் கூடும். சம்பவ இடத்தைப் பார்த்துப் போலீஸ் எழுதுகிற பார்வை மகஜரில் விளக்கு இருக்கிறதா, மாதிரி வரைபடத்தில் சாட்சி நின்ற இடத்துக்கும் சம்பவ இடத்துக்கும் எவ்வளவு தூரம், நடுவே என்ன மறைப்பு? பிரேத பரிசோதனை அறிக்கையில் உள்ள காயங்களும் சாட்சி சொன்ன வெட்டுகளும் பொருந்துகின்றனவா? போலீஸிடம் சொல்லாத எதையாவது கூண்டில் ஏறிப் புதிதாகச் சொன்னாரா?

தண்டனை தூக்கு என்றால் உயர் நீதிமன்றத்தின் பொறுப்பு இன்னும் கூடுகிறது. குற்றவாளி அப்பீல் செய்யாவிட்டாலும் வழக்கு உறுதிப்பாட்டுக்காக மேலே வந்தே தீரும். குறைந்தது இரண்டு நீதிபதிகள் சாட்சியத்தை முழுக்கத் தாங்களே படித்துப் பார்த்து முடிவுக்கு வர வேண்டும். கீழ் நீதிமன்றம் நம்பியது, நாங்களும் நம்புகிறோம் என்று ஒரு வரியில் முடித்துவிட முடியாது.

அப்புறம், பொய் சொல்கிற சாட்சியை விட ஆபத்தானவர் மனசாரத் தவறாகப் பார்த்த சாட்சி. அவர் தடுமாற மாட்டார், குறுக்கு விசாரணையில் உடைய மாட்டார், ஏனென்றால் அவர் நம்புவதைத்தான் சொல்கிறார். லண்டனில் அடால்ஃப் பெக் என்பவரை இவர்தான் தங்களை ஏமாற்றியவர் என்று பல பெண்கள் அடையாளம் காட்டினார்கள். 1896-இல் சிறைக்குப் போனார். 1904-இல் அதே மாதிரிக் குற்றத்துக்கு மறுபடியும் குற்றவாளி ஆக்கப்பட்டார். உண்மையான மோசடிக்காரன் பிடிபட்ட பிறகுதான் அத்தனை பேரும் ஆளை மாற்றிச் சொல்லியிருக்கிறார்கள் என்று தெரிந்தது. இங்கிலாந்தில் 1907-இல் குற்ற மேல்முறையீட்டு நீதிமன்றம் உருவானதற்கு அந்த வழக்கு ஒரு முக்கியக் காரணம். அங்கே சாட்சிகள் நிறைய இருந்தார்கள், எண்ணிக்கை யாரையும் காப்பாற்றவில்லை. அதனால்தான் தெரிந்த ஆளை அடையாளம் சொல்வதையும், முன்பின் தெரியாத ஆளை இருட்டில் ஒரு நிமிடம் பார்த்துவிட்டு அடையாளம் காட்டுவதையும் ஒரே தட்டில் வைக்கக் கூடாது.

முத்துப்பேட்டை வழக்கின் இரண்டாவது கேள்விக்கு வருகிறேன். சாட்சி ஒருவர்தான் என்பதால் தண்டனையைக் குறைக்க முடியாது என்றது உச்ச நீதிமன்றம். குற்றம் நிரூபணமானதா என்பது ஒரு கேள்வி, என்ன தண்டனை என்பது வேறு கேள்வி, ஒன்றை மற்றொன்றோடு கலக்கக் கூடாது என்பது அதன் நிலை. தூக்கும் உறுதியானது. அந்த விதவையின் சொல்லை நம்பியது சரி என்று முழு மனதோடு சொல்கிற நான், இந்த இடத்தில் மாறுபடுகிறேன். அந்தக் காலத்துச் சட்டத்தின் மனநிலையே வேறு. 1955-இல் சட்டம் திருத்தப்படும் வரை, கொலைக்குத் தூக்கு கொடுக்காவிட்டால் ஏன் கொடுக்கவில்லை என்று நீதிபதி காரணம் எழுத வேண்டியிருந்தது. 1973-இல் வந்த குற்றவியல் நடைமுறைச் சட்டம் அதைத் தலைகீழாக்கியது. தூக்குக் கொடுக்கத்தான் சிறப்புக் காரணம் வேண்டும் என்றது. 1980-இல் பச்சன் சிங் தீர்ப்பு அதை அரிதிலும் அரிதான வழக்குகளுக்கு என்று சுருக்கியது. இவ்வளவு மாறிய பிறகும், சாட்சியத்தின் உறுதிக்கும் தண்டனைக்கும் சம்பந்தமே இல்லை என்று எப்படிச் சொல்வது? நியாயமான சந்தேகம் இல்லை என்பதும், தவறு நேர்ந்திருக்கவே முடியாது என்பதும் ஒன்றல்ல. சிறையில் இருப்பவரைத் திறந்து விடலாம்.

இதை உச்ச நீதிமன்றமே 2014-இல் கையில் எடுத்தது. 1997-இல் திரிபுராவில் 15 பேர் கொல்லப்பட்ட சம்பவத்தில் அசோக் தேபர்மா என்பவருக்குத் தூக்கு. கண்கண்ட சாட்சிகள் அவரை நீதிமன்றத்தில் அடையாளம் காட்டினார்கள். அதற்கு முன், பலரோடு சேர்த்து நிறுத்தி ஆளைக் காட்டச் சொல்லும் அடையாள அணிவகுப்பு நடக்கவில்லை. நீதிமன்றம் சாட்சிகளை நம்பியது, குற்றத் தீர்ப்பை உறுதி செய்தது. ஆனால் குற்றத் தீர்ப்புக்குப் போதுமான உறுதிக்கும் முழு நிச்சயத்துக்கும் நடுவே எஞ்சி நிற்கிற சந்தேகத்தைத் தண்டனைக் கட்டத்தில் எடைபோடலாம் என்று சொல்லி, தூக்கை ஆயுளாகக் குறைத்து, குறைந்தது 20 ஆண்டுகள் சிறையில் இருக்க வேண்டும் என்றது.

இங்கே இருக்கிற இளம் வக்கீல்களிடம் எனக்கு ஒரு வேண்டுகோள் உண்டு. தூக்குத் தண்டனை அப்பீலில் நாம் வழக்கமாக விடுதலைக்கு மட்டும் முழு வாதத்தையும் வைத்துவிட்டு, தண்டனையைப் பற்றிக் கடைசி ஐந்து நிமிடத்தில் குடும்பம், வயது, பிள்ளைகள் என்று சொல்லி முடிக்கிறோம். அப்படிச் செய்யாதீர்கள். விளக்கு வெளிச்சம், தூரம், எஃப்.ஐ.ஆர். தாமதம், நடக்காத அணிவகுப்பு எல்லாவற்றையும் தண்டனைக் கட்டத்திலும் மறுபடி எடுத்து வையுங்கள். குற்றவாளிதான் என்று தீர்ப்பான பிறகும் அந்தச் சங்கதிகள் செத்துப் போவதில்லை. எழுத்து மூலமான வாதக் குறிப்பில் தனித் தலைப்பாகவே எழுதிக் கொடுங்கள். அப்போது நீதிபதிகள் அதற்குப் பதில் எழுதியாக வேண்டும்.