சட்டிக்குள் கிடந்த கால்கள்

எல்லாருக்கும் வணக்கம். ஆப்பிரிக்கா என்றதும் யானையும் சிங்கமும் வரும் என்று எதிர்பார்த்து வந்தவர்கள் மன்னிக்க வேண்டும். என்னிடம் இருப்பது ஒரு கறிச்சட்டியும் ஒரு தேரையும்தான்.

1991. தான்சானியாவின் உட்சுங்வா மலைக்காட்டில் டென்மார்க் ஆய்வாளர்கள் முகாம் போட்டிருந்தார்கள். அடுப்பில் கறி வெந்துகொண்டிருந்தது. சட்டிக்குள் பார்த்தால் இரண்டு கால்கள். அவர்களுக்குத் தெரிந்த எந்தப் பறவையோடும் அவை ஒத்துப்போகவில்லை. அறிவியலுக்குப் புதிதான ஒரு கௌதாரி இனம் இப்படிக் குழம்பிலிருந்துதான் கிடைத்தது. 1994-இல் அதற்குப் பெயர் வைத்தார்கள். அதன் நெருங்கிய சொந்தங்கள் ஆப்பிரிக்காவில் கிடையாது, ஆசியாவின் மலைக் கௌதாரிகளாம்!

எப்படி இது? கென்யாவின் டைட்டா குன்றுகளில் தொடங்கி உட்சுங்வா வரை 13 மலைத்தொகுதிகள் வில்லாக வளைந்து கிடக்கின்றன. கிழக்கு வில் மலைகள் என்றே பெயர். இந்தியப் பெருங்கடலின் ஈரக்காற்று நேராக வந்து இவற்றில் மோதும். பனியுகங்களில் கண்டத்தின் உட்பகுதிக் காடுகள் வறண்டு சுருங்கியபோதும் கடல் இவற்றுக்கு மழை கொடுத்துக்கொண்டே இருந்தது. வெளியே அழிந்துபோன பழைய குடும்பங்கள் இங்கே தங்கிவிட்டன. மலைக்கும் மலைக்கும் நடுவே காய்ந்த சமவெளி, ஆகவே ஒவ்வொரு மலையும் ஒரு தீவு. நம் வீட்டுத் தொட்டிகளில் பூக்கும் ஆப்பிரிக்க வயலட்கூட இங்கே உசம்பாரா மலையிலிருந்து 1892 வாக்கில் ஜெர்மனிக்குப் போனதுதான்.

சரி, தேரைக்கு வருவோம். கல்லுக்குள் தேரைக்கும் படியளப்பவன் இறைவன் என்போம். உட்சுங்வாவின் கிஹான்சி பள்ளத்தாக்கில் படியளந்தது அருவியின் சாரல். அது எப்போதும் நனைத்துக்கொண்டிருந்த ஏறத்தாழ 2 ஹெக்டேர் பாசியும் புல்லும்தான் அந்தத் தேரையின் மொத்த உலகம். மஞ்சள் நிறம், 3 சென்டிமீட்டரைத் தொடாத உடம்பு. முட்டையிட்டுத் தலைப்பிரட்டையாக விடுவதில்லை, குட்டியாகவே ஈனும். 1996-இல் கண்டுபிடித்தார்கள். அதற்குள் மேலே 180 மெகாவாட் நீர்மின் திட்டத்துக்கான வேலை தொடங்கியாகிவிட்டது.

2000-க்குள் ஆற்று நீரில் பெரும்பகுதி சுரங்கக் குழாய்க்குள் போய்விட்டது. அருவி மெலிந்து சாரல் நின்றது. அவசரமாக 499 தேரைகளைப் பிடித்து அமெரிக்க விலங்குக்காட்சிசாலைகளுக்கு அனுப்பினார்கள். பள்ளத்தாக்கில் குழாய் போட்டுச் செயற்கைச் சாரலும் தெளித்தார்கள். தேரைகள் தேறியும் வந்தன. ஆனால் 2003-இல் தோலைத் தாக்கும் பூஞ்சை நோய் தெரியவந்தது, எண்ணிக்கை சரிந்தது. 2009-இல் இயற்கையில் அற்றுப்போன இனம் என்று அறிவித்தார்கள்.

அணை கட்டியதே தப்பு என்று நான் சொல்ல மாட்டேன். விளக்கெரியாத வீட்டில் இருப்பவரிடம் போய்த் தேரைக்காக இருட்டில் இரு என்று யார் சொல்வது? என் வருத்தமெல்லாம் வரிசையைப் பற்றித்தான். கௌதாரியை அடுப்பில் ஏற்றிய பிறகு அடையாளம் கண்டோம். தேரையை வேலை தொடங்கிய பிறகு. ஒரு மலைக்கு ஒரு இனம் என்று இருக்கிற இடத்தில் முதலில் இறங்கிப் பார்க்க வேண்டாமா? இரண்டு மழைக்காலம் தாமதமாகும், ஆகட்டுமே. அந்த மலைகளின் காடு நகரத்துக்கும் சோறு போடுகிறது: தார் எஸ் சலாம் குடிக்கும் ரூவு ஆற்று நீர், இதே வரிசையிலுள்ள உலுகுரு மலையில் ஊறி வருவது.

அப்புறம் என்ன ஆயிற்று என்று கேட்பீர்கள். அமெரிக்காவில் கண்ணாடித் தொட்டிகளுக்குள் பிறந்த தலைமுறையை முதலில் தார் எஸ் சலாமுக்குக் கொண்டுவந்து வளர்த்தார்கள். 2012-இல் பள்ளத்தாக்கில் கொண்டுபோய் விட்டார்கள். பாட்டன் காலத்துத் தேரைகளை அருவி நனைத்தது. இவற்றை நனைத்தது குழாய்.