கிராஸ் கண்ட்ரி குதிரையேற்றம்: முதல் மரக்கட்டைக்கு முன்னால்

[காட்சி: திறந்த புல்வெளி. தொலைவில் ஒரு குதிரை வருகிறது. குளம்புச் சத்தம் மட்டும்.]

இந்தக் குதிரை இப்போது ஒரு மரக்கட்டையைத் தாண்டப்போகிறது. எல்லார் கண்ணும் அந்தத் தாண்டலில்தான் இருக்கும். நீங்கள் அதற்கு முந்தைய நாலைந்து பாய்ச்சல்களைப் பாருங்கள். ரைடர் உடம்பை நிமிர்த்துகிறார். குதிரை காலடி வீச்சைச் சுருக்கி, பலத்தைப் பின்னங்கால்களுக்குக் கொண்டுவருகிறது. திறந்தவெளியில் தடைகளைத் தாண்டி ஓடும் இந்த கிராஸ் கண்ட்ரியில் கற்க வேண்டியதில் பாதி இதுதான்.

ஈவென்டிங் என்பது ஒரே குதிரை, ஒரே ரைடர், மூன்று சோதனைகள்: டிரெசாஜ் (சொன்னபடி நேர்த்தியாக நடக்கவும் ஓடவும் வைப்பது), கிராஸ் கண்ட்ரி, ஷோ ஜம்பிங் (திடலுக்குள் கம்புத் தடைகளைத் தாண்டுவது). குதிரைப்படையின் தேர்வாக இருந்த இது, 1912 ஸ்டாக்ஹோம் ஒலிம்பிக்கில் நுழைந்தது. பெண்ணொருவர் இதில் களமிறங்க 1964 டோக்கியோ வரை ஆனது. இன்று ஆண், பெண் என்று தனிப் பிரிவே கிடையாது.

ஷோ ஜம்பிங்கில் கால் பட்டால் கம்பு உருண்டு விழும். கிராஸ் கண்ட்ரியில் பெரும்பாலான தடைகள் அசையாதவை. அதனால்தான் அவசரம் கூடாது.

[காட்சி: பயிற்சித் திடல். ரைடர் அங்கவடியை, அதாவது கால் வைக்கும் வளையத்தை, சரிசெய்கிறார்.]

லகானில் தொங்காமல் சீராக கேன்டர் (மிதமான பாய்ச்சலோட்டம்) போகத் தெரியுமா? திடலுக்குள் சின்னத் தடைகளைப் பதறாமல் தாண்டுகிறீர்களா? சரி, வெளியே வரலாம். ஆனால் பழகிய குதிரையோடு, பயிற்சியாளர் பக்கத்தில் இருக்கும்போது மட்டும். இருவரில் ஒருவருக்காவது வழி தெரிந்திருக்க வேண்டும்!

ஹெல்மெட்டும் மார்பையும் முதுகையும் காக்கும் கவச அங்கியும் கட்டாயம். ஒருமுறை பலமாக அடிபட்ட ஹெல்மெட்டை, கீறல் தெரியாவிட்டாலும், மாற்றிவிடுங்கள்.

அங்கவடியை ஓரிரு துளை குட்டையாக்குங்கள். இருக்கையிலிருந்து லேசாக எழுந்து, எடையைக் குதிகாலுக்கு இறக்குங்கள். தொடை எரியும், எரியட்டும். தடுமாறினால் பிடரி மயிரைப் பிடித்துக்கொள்ளுங்கள், அதில் வெட்கமே வேண்டாம். லகானை இழுத்தால் குதிரையின் வாய்தான் வலிக்கும்.

அப்புறம் வேகம். 400 மீட்டர் அளந்து இரண்டு முனையிலும் அடையாளம் வையுங்கள். தடை எதுவும் வேண்டாம். அந்தத் தூரத்தைச் சரியாக ஒரு நிமிடத்தில் கடக்கப் பாருங்கள். கடிகாரம் பார்க்காமலே வேகம் உடம்புக்குப் பிடிபடும்வரை திரும்பத் திரும்பச் செய்யுங்கள். சலிப்பான பயிற்சிதான். ஆனால் இதைத் தவிர்த்துவிட்டுத் தடைக்கு ஓடுபவர்களை நான் நம்ப மாட்டேன்.

[காட்சி: தாழ்வான மரக்கட்டை, மேடு, பள்ளம், நீர்த்தடை.]

மரக்கட்டையில் தொடங்குங்கள். உருண்டு சரிந்த வடிவம் குதிரைக்கு எளிது. செங்குத்தான தடை கடினம். பள்ளம் வந்தால் குனிந்து பார்க்காதீர்கள். நீங்கள் குனிந்தால் எடை முன்னால் சாயும், குதிரையும் நின்றுவிடும். பார்வை பள்ளத்துக்கு அப்பால் ஒரு மரத்தின்மேல் இருக்கட்டும்.

தண்ணீரின் ஆழம் குதிரைக்குத் தெரியாது. பழகிய குதிரை ஒன்றை முன்னால் விட்டு, முதல்நாள் நடத்தியே உள்ளே கூட்டிப்போங்கள். என் முதல் நீர்த்தடையில் குதிரை நின்றது, நான் நிற்கவில்லை. இறக்கமான இடத்தில் மேலுடம்பைப் பின்னால் வைத்து, லகானை விரல்களுக்கிடையே நழுவவிடுங்கள். கழுத்தை நீட்டக் குதிரைக்கு இடம் வேண்டும்.

பலர் மறப்பது ஒன்று: வெயிலிலிருந்து மர நிழலுக்குள் நுழையும்போது குதிரையின் கண் பழக நம் கண்ணைவிட நேரமெடுக்கும். நிழலுக்குள் தடை இருந்தால் முன்கூட்டியே நிதானமாகுங்கள்.

[காட்சி: ரைடர் பாதையை நடந்து பார்க்கிறார்.]

போட்டிக்கு முன் பாதை முழுவதையும் நடந்து பார்க்க வேண்டும். குதிரை அதை முதன்முதலாகப் பார்ப்பது ஓடும்போதுதான். சிவப்புக் கொடி வலப்பக்கம், வெள்ளை இடப்பக்கம். நடுவே தாண்ட வேண்டும். சர்வதேச விதிப்படி, குதிரை ஒருமுறை மறுத்தால் 20 அபராதப் புள்ளி, அதே தடையில் மறுபடி மறுத்தால் 40. குறித்த நேரத்தைத் தாண்டும் ஒவ்வொரு நொடிக்கும் 0.4. ரைடர் விழுந்தால் போட்டியிலிருந்து வெளியே.

[காட்சி: முடிவுக்கோடு. குதிரை மூச்சிரைக்கிறது.]

கோட்டைத் தாண்டியதும் சட்டென்று நிறுத்தாதீர்கள். படிப்படியாக வேகத்தைக் குறைத்து, இறங்கி, வயிற்றுப் பட்டையைத் தளர்த்துங்கள். மூச்சு அடங்கும்வரை நடத்திக்கொண்டே இருங்கள். பிறகு நான்கு கால்களையும் தடவிப் பாருங்கள்: வெட்டு, வீக்கம், சூடு ஏதாவது தென்படுகிறதா என்று.