மேலே எழும்பி விழும் சங்கிலி: 440 ரூபாயும் ஒரு சொம்பும்

வணக்கம் மக்களே! மொட்டை மாடியிலிருந்து ஓடி வந்த மூச்சு இன்னும் அடங்கவில்லை. செங்கோட்டையில் காலையிலிருந்து சாரல். அது விட்ட பத்து நிமிடத்தில் எடுத்த வீடியோ இது. பாருங்கள், ஒரு முனையைக் கீழே விட்டதும் சொம்பிலிருந்து கிளம்பும் சங்கிலி முதலில் மேலே எழும்பி, வளைந்து, அப்புறம்தான் கீழே போகிறது. யாரும் தூக்கவில்லை!

சங்கிலி என்றால் திரைச்சீலை இழுக்கிற இரும்பு மணிச் சங்கிலி. பிளாஸ்டிக் மணி எனக்கு ஆகவே ஆகாது, அந்தச் சலசலப்பு அதில் வராது. தென்காசியில் மீட்டர் 35 ரூபாய் சொன்னார்கள். ரயிலேறிப் புனலூர் போனேன், 22 ரூபாய்! 20 மீட்டர், 440 ரூபாய். மிச்சம் 260. வீட்டுக்கு வந்து பார்த்தால் இரண்டு துண்டை நடுவில் கொக்கி போட்டு இணைத்திருக்கிறார்கள். வாங்கும்போதே சொல்லியிருக்கலாமே! முதல் தடவை அந்தக் கொக்கி சொம்பின் விளிம்பில் மாட்டி, பாதிச் சங்கிலி தெருவுக்குப் போய்விட்டது. குறடால் கொக்கியை நெரித்து நெரித்து மணி அளவுக்குக் கொண்டுவந்தேன். அதற்கப்புறம் ஒரு தடவைகூட மாட்டவில்லை.

சரி, ஏன் எழும்புகிறது? 2013-இல் அறிவியல் வீடியோக்கள் போடும் ஸ்டீவ் மோல்ட் இதை யூடியூபில் காட்டினார். மறு வருடம் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழக இயற்பியலாளர்கள் ஜான் பிகின்ஸ், மார்க் வார்னர் இருவரும் காரணம் சொன்னார்கள்: சங்கிலியைச் சொம்பே உதைத்து அனுப்புகிறது. மேஜையில் கிடக்கும் கரண்டியின் ஒரு முனையை வெடுக்கென்று தூக்குங்கள், மறுமுனை மேஜையை அழுத்தும். மேஜை அதைத் திருப்பித் தள்ளும். சங்கிலி நூல் மாதிரி முழுக்கத் துவளாது. சில மணிகள் சேர்ந்து ஒரு குட்டிக் கரண்டிபோல் நிற்கும். ஒவ்வொன்றும் கிளம்பும்போது அடியிலிருந்து ஓர் உதை வாங்குகிறது. போன மாதம் ஸ்லிங்கி என்ற சுருள் பொம்மையைத் தொங்கவிட்டுக் கைவிட்டபோது அதன் அடிப்பகுதி கொஞ்ச நேரம் அந்தரத்தில் நின்றதே, அதைவிட இதுதான் எனக்குப் பிடித்திருக்கிறது.

சொல்ல மறந்துவிட்டேன், சங்கிலியை அள்ளிப் போடக் கூடாது. ஒரு முனையிலிருந்து கொஞ்சம் கொஞ்சமாக இறக்க வேண்டும், இல்லையென்றால் சிக்கும். விழும் உயரம் கூடினால் எழும்பும் உயரமும் அதே விகிதத்தில் கூடும். மேஜையிலிருந்து விட்டபோது நாலு விரல். மாடியிலிருந்து ஒரு முழம்! நாலே விநாடியில் சொம்பு காலி.

ஐயோ, மறுபடி சாரல். சங்கிலி இன்னும் தெருவில்தான் கிடக்கிறது, துருப்பிடிப்பதற்குள் எடுத்து வருகிறேன்.